தண்ணீரை எதிர்கொண்டு அழைக்கும் உழவர்கள்



ஆடி பதினெட்டு வந்தால் காவிரிக் கரை ஊர்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காப்பரிசியும் மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு பெண்கள் ஆற்றுக்குப் போவார்கள். பொங்கி வருகிற காவிரியை மசக்கைக்காரியாக நினைத்துச் சித்திரான்னம் படைப்பார்கள். ஏரிப் பாசன ஊர்களிலே மதகுச் சாமிக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் மடை திறப்பது என்று ஒரு வழக்கம் இருந்தது. சில ஊர்களில் இன்றும் இருக்கிறது.

"இதெல்லாம் ஒரு சம்பிரதாயம்தானே சார்? பயிருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கொஞ்ச நாள் முன்பு ஒரு தம்பி என்னிடம் கேட்டார். படித்த பிள்ளை. கேட்டதில் தப்பில்லை. விவசாயப் பட்டம் வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்ததால் ஒரு ஊருக்கு என்னால் வந்த நஷ்டத்தையும் இந்தப் பேச்சிலேயே சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களைக் கடல் தாண்டி ஒரு தீவுக்கு அழைத்துப் போக வேண்டும். நம்மைப்போலவே நெல்லை நம்பிப் பிழைக்கிற உழவர்கள் அங்கே இருக்கிறார்கள். தண்ணீரைக் கும்பிடுவதற்கும் பயிர் விளைவதற்கும் உள்ள சம்பந்தம் அங்கே பளிச்சென்று தெரியும்.

தீர்த்தமே சமயம்

இந்தோனேசியா நாட்டில் பாலி என்று ஒரு தீவு. அங்குள்ளவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். தங்கள் சமயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பழைய பெயர் 'ஆகம தீர்த்த'. அதாவது தீர்த்தச் சமயம். நாம் கோயிலில் கை நீட்டி வாங்கிக்கொள்கிறோமே, அதே தீர்த்தம்தான். பிள்ளை பிறந்தாலும், கல்யாணம் ஆனாலும், சாவு விழுந்தாலும் அங்கே தீர்த்தம் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது.

தீவின் நடுவே எரிமலைகள் இருக்கின்றன. பாத்தூர் என்ற எரிமலையின் வாயில் பெரிய ஏரி ஒன்று உண்டு. அந்த ஏரிக்கு உரிய தெய்வத்துக்கு 'தேவி தனு' என்று பெயர். தனு என்றால் ஏரி. நம் ஊர் ஏரியம்மன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1926ஆம் ஆண்டு எரிமலை வெடித்துப் பாத்தூர் ஊரும் கோயிலும் நெருப்புக் குழம்பில் மூழ்கின. ஊர் மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. எரிமலை வாயின் மேல் விளிம்பிலே ஊரையும் கோயிலையும் திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கும் கீழே சமவெளியில் பயிர் செய்கிற இருநூறுக்கும் மேற்பட்ட பாசனச் சங்கங்கள் அந்தக் கோயிலுக்குக் காணிக்கை கொண்டுபோகின்றன. அங்கே தரும் தீர்த்தத்தைத் தங்கள் வயலுக்கு எடுத்து வருகின்றன.

சுபாக் என்றால் என்ன?

பாலியின் ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகின்றன. வயல்களோ மலைச்சரிவில் படிப்படியாக மேலே இருக்கின்றன. அதனால் ஆற்றின் மேல்பகுதியில் சிறு அணை கட்டி, மலையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் வெட்டி, தண்ணீரைத் தூரத்து வயலுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இது ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையா? ஆகாது. ஆகவே ஒரே வாய்க்காலில் பாய்கிற உழவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சங்கமாக இருக்கிறார்கள். அதற்குத்தான் 'சுபாக்' என்று பெயர். ஏறக்குறைய ஆயிரம் வருஷமாக இந்த ஏற்பாடு நடந்து வருகிறது. சங்கத் தலைவருக்கு 'பெகாசே' என்று பெயர்.

வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு மரக்கட்டை குறுக்கே கிடக்கும். அதில் அளவு பார்த்து வெட்டிய பள்ளங்கள் இருக்கும். எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்த அகலத்துக்கு ஒரு பள்ளம். ஆற்றிலே தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் பங்கு மாறாது. கூடினால் எல்லோருக்கும் கூடும், குறைந்தால் எல்லோருக்கும் குறையும்.

அடுத்ததாக ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அணை இருக்கும் இடத்தில் ஒரு கோயில். வாய்க்கால் வயல்வெளிக்குள் நுழையும் இடத்தில் ஒரு கோயில். ஒவ்வொரு உழவனின் நிலத்திலும் தண்ணீர் முதலில் வந்து விழுகிற மூலையில் ஒரு சின்ன மாடம். மலை உச்சி ஏரியிலே பெரிய கோயில். தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ அந்த வழி நெடுகக் கோயில்கள். ஒரே மடையில் பாய்கிறவர்கள் எல்லோரும் ஒரே கோயிலுக்குச் சொந்தக்காரர்கள்.

தோயத்தை எதிர்கொள்ளுதல்

பருவம் தொடங்கும்போது அவர்கள் நடத்துகிற சடங்குக்கு 'மபக் தோயா' என்று பெயர். மபக் என்றால் எதிர்கொண்டு அழைப்பது. தோயா என்றால் தண்ணீர். நம் பழைய நூல்களிலும் தண்ணீருக்குத் தோயம் என்று ஒரு பெயர் உண்டு. மாப்பிள்ளையை ஊர் எல்லைக்குப் போய் எதிர்கொண்டு அழைத்து வருகிறோம் அல்லவா? அதுபோல இவர்கள் தண்ணீரை எதிர்கொள்ளப் போகிறார்கள்.

சடங்குக்கு முன்னால் வாய்க்கால் சுத்தமாக வேண்டும். சங்கத்தார் சேர்ந்து செடி கொடி வெட்டி, மண் அள்ளி, உடைப்பு அடைப்பார்கள். அப்புறம் பூவும் பழமும் சோறும் ஓலைத்தட்டில் வைத்து, வெள்ளைத் துணி உடுத்தி, அணைக் கோயிலுக்குப் போவார்கள். பூசாரி மந்திரம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் உழவுக்குத் தண்ணீர்.

இதோடு முடிந்துவிடவில்லை. முதல் மண்வெட்டி போடும்போது ஒரு பூஜை, நடவுக்கு ஒரு பூஜை. பயிர் பொதி கட்டும்போது 'பியுகுகுங்' என்று ஒன்று. பயிர் கர்ப்பமாக இருக்கிறது என்று அவர்களும் சொல்கிறார்கள். சூல் பயிர் என்று நாம் சொல்வதும் அதுதானே! அறுவடை ஆனதும் நெல்லுக்குரிய தேவி ஸ்ரீக்கு ஒரு நாள். பூச்சி நோய் விலக வேண்டும் என்று தனியாக ஒரு சடங்கு.

இந்தச் சடங்குகளை எல்லாம் வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வாய்க்கால் மராமத்து, தண்ணீர் திறப்பு, உழவு, நடவு, பொதிப்பருவம், அறுப்பு என்று ஒரு பயிர்த்திட்டம் உங்கள் கையில் இருக்கும். ஒரே கோயிலைச் சேர்ந்த எல்லோரும் அந்தத் திட்டப்படியே நடந்தாக வேண்டும்.

தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும்

தலைமடையில் இருப்பவன் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டு சும்மா இருந்துவிடலாமே, கீழே இருப்பவனுக்கு ஏன் விடவேண்டும் என்று கேட்கலாம். நம் ஊரிலும் ராத்திரி நேரத்தில் மண்வெட்டியோடு நிற்கிற சண்டைக்கு இதுதானே காரணம்?

பாலியில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. கடைமடைக்காரனுக்குப் பயம் தண்ணீர். தலைமடைக்காரனுக்குப் பயம் பூச்சி. கீழே உள்ளவனுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போனால் அவன் ஒரு மாதம் பிந்தி நடுவான். மேலே அறுப்பு முடிந்தாலும் கீழே பச்சைப் பயிர் நிற்கும். தத்துப்பூச்சியும் எலியும் அங்கே குடிபோய்ப் பெருகி, மேலே அடுத்த நடவு ஆனதும் திரும்பி வந்து அடிக்கும். கீழே இருப்பவனும் மேலே இருப்பவனும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்து, வயலைக் கொஞ்ச காலம் நெல் இல்லாமல் போட்டால் பூச்சிக்குத் தீனி கிடையாது. அறுத்த வயலில் தண்ணீர் கட்டி வாத்து மேய விடுவதும் அங்கே வழக்கம்.

ஆனால் தீவு முழுக்க ஒரே நாளில் நட்டால் என்ன ஆகும்? சேடைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்பார்கள். ஆறு தாங்காது. ஆளுக்கொரு நாள் நட்டால் தண்ணீர் போதும், பூச்சி தின்றுவிடும். எல்லோரும் ஒரே நாளில் நட்டால் பூச்சி அடங்கும், தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவிலே, எத்தனை சுபாக்குகள் ஒன்றாக நடுவது, எந்தக் கூட்டம் முன்னே, எந்தக் கூட்டம் பின்னே என்று முடிவு செய்கிற இடம்தான் அந்தக் கோயில். தெய்வத்தின் முன்னால் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டால் அப்புறம் மீறுவதற்கு எவனுக்கும் துணிச்சல் வராது.

எழுபதுகளில் வந்த வினை

இப்படி நடந்துகொண்டிருந்த ஊரில் 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. நானும் விரிவாக்க அலுவலர். ஆகவே புது ரகங்களைக் குறை சொல்ல வரவில்லை. 1966ல் வெளிவந்த ஐ.ஆர்.8 போன்ற ரகங்கள் பல கோடிப் பேருக்குச் சோறு போட்டவை. குறுகிய கால ரகம், உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் பாலிக்கும் வந்தன. கோயில் கணக்குப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், முடிந்த போதெல்லாம் நடுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆரம்பத்தில் விளைச்சலும் ஏறியது.

சில வருஷத்தில் தண்ணீர் முறை குழம்பியது. எந்த நேரம் பார்த்தாலும் எங்கேயோ ஒரு வயலில் நெல் பச்சையாக நின்றது. புகையான் பெருகியது. ஐ.ஆர்.8 புகையானைத் தாங்கவில்லை. அதைத் தாங்குகிற ஐ.ஆர்.36 கொடுத்தார்கள். அதற்குத் துங்ரோ என்ற நச்சுயிரி நோய் வந்தது. துங்ரோவைத் தாங்குகிற இன்னொரு ரகம் கொடுத்தார்கள். அதை வேறு ஒரு பூஞ்சாண நோய் பிடித்தது. ரகம் மாற மாற நோயும் மாறியது. 1980களின் நடுவில் உழவர்களே, பழையபடி கோயில் முறைக்கே போய்விடுகிறோம் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியல் அறிஞர் அங்கே தங்கி இந்தக் கோயில்களை ஆராய்ந்து வந்தார். ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியல் அறிஞரோடு சேர்ந்து, இரண்டு ஆறுகளின் நடுவில் உள்ள 172 சுபாக்குகளைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார். ஆற்றின் ஓட்டம், மழை, பயிர், பூச்சி எல்லாவற்றையும் சேர்த்து, ஆளுக்கொரு நாள் நட்டால் என்ன விளையும், எல்லோரும் ஒரே நாளில் நட்டால் என்ன விளையும், கோயில் வகுத்த கூட்டம் கூட்டமாக நட்டால் என்ன விளையும் என்று பார்த்தார்கள். கோயில் கணக்குத்தான் நல்ல விளைச்சல் கொடுத்தது. பழைய முறையின் அருமையை உணராததால் பெரிய விலை கொடுக்க வேண்டியதாயிற்று என்று, அங்கே பாசனத் திட்டத்துக்குக் கடன் கொடுத்த ஆசிய வளர்ச்சி வங்கியின் 1988ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1986ல், இந்தோனேசிய அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்துவிட்டது. நல்ல பூச்சிகளையும் சிலந்திகளையும் கொன்று புகையானுக்கு வழிவிட்டது அந்த மருந்துகள்தான் என்று தெரிந்துவிட்டது.

பூஜை போட்டால் புகையான் சாகும் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். பூஜைக்காக ஊர் ஒன்றாகக் கூடுகிறது. ஒன்றாகக் கூடினால் ஒன்றாக நடுகிறது. ஒன்றாக நட்டால் புகையானுக்குப் போக்கிடம் இல்லை. இவ்வளவுதான் சங்கதி.

நான் செய்த தவறு

இப்போது என் கதைக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்த மூன்றாவது வருஷம். ஏரிப் பாசன ஊர் ஒன்று. ஏரி நிரம்பியதும் வரத்து வாய்க்காலையும் பாசன வாய்க்காலையும் செதுக்கிவிட்டு, மதகிலே பொங்கல் வைத்து மடை திறப்பார்கள். அந்த வாரத்திலேயே எல்லோரும் நாற்று விடுவார்கள். அந்த வருஷம் மழை பிந்தியது. போர் வைத்திருந்த ஏழெட்டுப் பேர் என்னிடம் வந்து, "நாங்க முன்னாடியே ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டார்கள். நான், "சாமிக்காக நாத்து காத்திருக்காது, ஆரம்பிங்க" என்றேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

போர்க்காரர்கள் முதலில் நட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஏரி பாதிதான் நிரம்பியது. அவரவர் அவசரம், பொங்கல் நின்றுபோயிற்று, வாய்க்காலையும் செதுக்கவில்லை. தலைமடைக்காரர்கள் நட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர மேலும் மூன்று வாரம் ஆனது. ஒரே வெளியில் மூன்று வயதுப் பயிர். முதல் பயிரில் தொற்றிய புகையான் இரண்டாவதற்கு வந்தது. இரண்டாவது பயிர் அறுப்புக்கு நெருங்கியபோது மொத்தமும் கடைமடையில் இறங்கியது. நான் போய்ப் பார்த்தபோது வட்ட வட்டமாகக் கருகி, தீ வைத்த மாதிரி கிடந்தது. கடைமடையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரு ஏக்கர், அரை ஏக்கர்க்காரர்கள்.

வரப்பில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நீங்க சொன்னது சரிதான் தம்பி, நாத்து காத்திருக்காது. ஆனா கடைசி மடைக்காரனுக்காக ஊரு காத்திருக்கும். அதுக்குத்தான் அந்தப் பொங்கலு" என்றார். பாலித் தீவைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நாம் செய்யக்கூடியவை

பாலிக்காரர்களின் கோயிலை நாம் இங்கே கொண்டுவர வேண்டாம். நமக்கே ஆடிப்பெருக்கு இருக்கிறது, மதகுப் பொங்கல் இருக்கிறது, குடிமராமத்து என்ற பழைய ஏற்பாடும் இருக்கிறது. எந்தச் சாமியை எப்படிக் கும்பிடுவது என்பது அவரவர் ஊர் வழக்கம். அந்த நாளை ஒட்டி இந்தக் காரியங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதலாவது, தண்ணீர் வருவதற்கு முன்பே ஒரு மடைக்கு உட்பட்டவர்கள் எல்லோரும் மதகடியில் ஒரு நாள் கூடுங்கள். கடைமடைக்காரர் கட்டாயம் வர வேண்டும். அவர் வராத கூட்டம் கூட்டமே இல்லை. வாய்க்காலைச் செதுக்குகிற நாளை அங்கேயே குறித்துவிடுங்கள்.

இரண்டாவது, நாற்றங்கால் விடுகிற வாரத்தையும் சேர்ந்தே குறியுங்கள். ஒரு மடைக்குள் நடவு இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயதுள்ள ரகங்களாகப் போடுங்கள். போர் வைத்திருப்பவர், கொஞ்சம் முன்னதாக நாற்றங்காலுக்குத் தண்ணீர் கொடுத்துக் கடைமடைக்காரருக்கு உதவினால், அது தன் பயிருக்கே செய்துகொள்கிற காவல்.

மூன்றாவது, அறுத்த பிறகு தாளை மடக்கி உழுதுவிடுங்கள். மறுதாம்பு விடாதீர்கள். நெல்லுக்குப் பின் உளுந்தோ பச்சைப்பயறோ போட்டால் மண்ணுக்கும் நல்லது. புகையானுக்கு நெல்லைத் தவிர வேறு தீனி பிடிக்காது.

நான்காவது, நடும்போது எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டுப் பட்டம் பட்டமாக நடுங்கள். காற்றும் வெளிச்சமும் அடித்தூர் வரை போகும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள். மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன்னால் குனிந்து தூரின் அடியைப் பாருங்கள். தூருக்கு ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளை அடிக்கவே கூடாது. அடித்தால் சிலந்தி சாகும், புகையான் முன்னைவிடப் பெருகும்.

முடிவாக ஒரு வார்த்தை

பாலியின் சுபாக் வயல்வெளிகளில் 19,500 ஹெக்டேரை 2012ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பெருமைதான். ஆனாலும் அங்கேயும் கஷ்டம் இருக்கிறது. விளைநிலத்தில் ஓட்டல்களும் வீடுகளும் எழும்புகின்றன. தண்ணீரைச் சுற்றுலா விடுதிகள் இழுக்கின்றன. மேலே ஒரு சுபாக் வயலை விற்றுவிட்டுப் போனால் கீழே உள்ள சங்கம் கணக்கில்லாமல் தவிக்கிறது. பண்டிகைக்குக் கூட்டம் வந்தாலும் வாய்க்காலுக்கு ஆள் குறைந்தால் தண்ணீர் வராது.

நம் ஊருக்கும் அது பொருந்தும். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் பூ விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பையையும் அதிலேயே விட்டுவிட்டு வந்தால் கடைமடை மதகிலே அது போய் அடைத்துக்கொள்கிறது. கும்பிட்ட கையாலேயே அதை எடுத்துக் கரையில் போட்டுவிட்டு வாருங்கள்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்க மதகுல கடைசியா எப்ப சார் பொங்கல் வச்சாங்க?" என்று என்னையே கேட்டார். "உங்க ஊர்ப் பெரியவங்களைக் கேளுங்க. கடைசியா வாய்க்காலை எப்ப செதுக்கினாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க. அநேகமா ரெண்டுக்கும் ஒரே வருஷத்தைத்தான் சொல்வாங்க" என்றேன்.

நீங்களும் உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். இந்த வருஷம் தண்ணீர் வரும்போது அதை எதிர்கொண்டு அழைக்க, கையில் தாம்பாளத்தோடு ஒரு மண்வெட்டியும் இருக்கட்டும்.